பொங்கலுக்கு முந்திய பத்து நாள்: தம்பலகாமத்து வயல்வீட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தைப்பொங்கலுக்கு இலங்கை அரசாங்கம் தருவது ஒரு நாள் லீவு. மறுநாள் பட்டிப்பொங்கலுக்கு அதுவும் கிடையாது. வயலுக்கும் மாட்டுக்கும் அந்த ஒரு நாளும் இல்லை. திருகோணமலைப் பக்கத்துக் கமக்கார வீடுகளில் பொங்கல் ஆயத்தம் எல்லாம் வயல்வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் நடக்கும். இது தெரியாமல் வருகிறவர்கள், "எல்லாரும் ஓடித் திரியுறீங்கள், நான் என்ன செய்ய?" என்று முற்றத்தில் நிற்பார்கள். இது அவர்களுக்காக எழுதியது. கலியாணம் முடித்து வந்த மருமகள்மார், மருமகன்மார், வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள், கொழும்பு வேலையை விட்டுவிட்டு அப்பாவின் காணியைப் பார்க்க வந்திருப்பவர்கள், இடமாற்றம் கிடைத்து வந்து ஒரு வயல்வீட்டில் அறை எடுத்திருக்கும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் பொருந்தும். நான் தம்பலகாமத்தை வைத்து எழுதுகிறேன். மூதூர், கிளிவெட்டி, குச்சவெளிப் பக்கம் என்றால் தண்ணீர் வரும் வழியும் விதைப்பு நாளும் மாறும். மற்றதெல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான்.

வர முன்னம்

பொங்கல் ஜனவரி 14இல் வரும், அல்லது 15இல் வரும். 2024இல் 15, 2025இல் 14. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் நேரம் வேறுபடும் என்பதால், உங்கள் வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கோயில் ஐயர் சொல்லும் நேரத்தைத்தான் அநேகமான வீடுகள் எடுக்கும்.

கொழும்பிலிருந்து வருவதானால் திருகோணமலை ரயிலில் கந்தளாய் தாண்டித் தம்பலகாமத்திலேயே இறங்கலாம், சீனக்குடா வரை போகத் தேவையில்லை. பஸ் என்றால் ஹபரணை, கந்தளாய் வழியாக வந்து தம்பலகாமச் சந்தியில் இறங்கவேண்டும். பொங்கலுக்கு முதல் இரண்டு நாளும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. பத்து நாள் முன்னமே வந்துவிட்டால் அந்த நெரிசலும் இல்லை, வீட்டுக்கும் நீங்கள் உண்மையில் உதவலாம். முதல்நாள் பின்னேரம் வந்து இறங்குபவர் விருந்தாளி. பத்து நாள் முன் வருபவர் வீட்டு ஆள்.

கொண்டுவர வேண்டியவை சில: நல்ல டோர்ச் லைட், சேறு பட்டாலும் கவலைப்படாத இரண்டு மூன்று உடுப்பு, றப்பர் செருப்பு, மழைக் கோட்டு. ஜனவரி நடுப்பகுதியிலும் இங்கே வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்திருக்காது. கொழும்பில் வெயில் எறிக்கிறதே என்று நம்பி வெறுங்கையோடு வராதீர்கள்.

வந்து இறங்கியதும் கேட்கவேண்டிய இரண்டு கேள்வி

"வயல் இப்ப என்ன நிலையில நிக்குது?" "எங்கட தண்ணி முறை எப்ப?"

இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அடுத்த பத்து நாளும் வீட்டில் யார் எப்போது எங்கே இருப்பார்கள் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்தின் விதைப்பு இங்கே ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும். மழையையும் குளத்தையும் பார்த்துச் சில வெளிகளில் இன்னும் பிந்தும். மூன்றரை மாத நெல், அதாவது பிஜி 94-1, ஏடி 362 போன்றவை விதைத்திருந்தால், தை பிறக்கும்போது பயிர் குடலை கட்டிக்கொண்டோ (கதிர் உள்ளே திரண்டபடி), கதிர் தள்ளிக்கொண்டோ நிற்கும். பயிருக்கு ஆகத் தண்ணீர் தேவைப்படுவது இந்த நேரம்தான். இப்போது காய்ந்தால் பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் பதர்தான் மிஞ்சும். அதனால்தான் மாமா விடியற்காலை நாலு மணிக்கு மண்வெட்டியோடு போகிறார். பலகாரச் சூட்டில் நிற்கும் மாமி நடுவில் அடுப்பை உங்களிடம் விட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் போவதும் அதற்காகத்தான்.

தம்பலகாமத்துக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளக்கோட்டன் கட்டிய குளம் என்பது ஊர் வழக்கு. 1986 ஏப்ரலில் அந்தக் குளக்கட்டு உடைந்து பலர் இறந்தார்கள். வயதானவர்கள் மழை கூடும்போது குளத்து மட்டத்தை விசாரிப்பது அந்த நினைவில்தான், அதைப் பயந்த சுபாவம் என்று எண்ணிவிடாதீர்கள். வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைக் கமக்காரர் அமைப்பும் வட்டவிதானையும் பார்த்து ஒழுங்கு செய்வார்கள். முறை இரவு ஒரு மணிக்கு வந்தால் இரவு ஒரு மணிக்குத்தான் போகவேண்டும். பொங்கல் என்று சொல்லி மாற்றிக் கேட்டால், அந்த மாற்றம் இன்னொரு வீட்டுப் பொங்கலில் போய் விழும்.

மழை கூடினால் வேலை தலைகீழ். அப்போது தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வரம்பில் தண்ணீர் போக வெட்டி வைத்திருக்கும் வாயை இங்கே வக்கடை என்பார்கள். மழை இரவுகளில் யாராவது போய் வக்கடையைத் திறந்துவிடாவிட்டால், வரம்பு தானாக உடைந்து மேல் வயலின் பசளையெல்லாம் கீழ் வயலுக்குப் போய்விடும். நீங்கள் வக்கடையில் கை வைக்கவேண்டாம். எதைத் திறக்கலாம், எதைத் திறந்தால் பக்கத்துக் காணிக்காரர் சண்டைக்கு வருவார் என்பது பழகினவருக்குத்தான் தெரியும். டோர்ச் பிடித்துக்கொண்டு கூடப் போங்கள். அதுவே பெரிய உதவி.

வயலில் இறங்குவதானால்

இதைக் கவனமாக வாசியுங்கள். மாரி வயலில் எலிக்காய்ச்சல் பெரிய ஆபத்து. எலி சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் இருக்கும் சின்னக் கீறலாலும் கிருமியை உள்ளே விட்டுவிடும். ஊரவர்களுக்குத் தெரிந்த விடயம், புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது. வயலில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், இறங்க முன்னமே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ போய்ச் சொல்லுங்கள். வாரம் ஒருதரம் எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று பார்த்துத் தருவார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகளுக்கு அது கூடாது. காலில் புண் இருந்தால் வரம்போடு நின்றுவிடுங்கள். வயலுக்குப் போய்வந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோலோடு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் டொக்டரிடம் முதலில், "நான் வயலில இறங்கினனான்" என்று சொல்லுங்கள்.

இரவில் தெரியாத வரம்பில் தனியாக நடக்கக்கூடாது. புடையன் பாம்பு ஒரு காரணம். இன்னொன்று, பன்றிக்கென்று சிலர் சட்டத்துக்கு மாறாக மின்கம்பி இழுத்துவிடுவது. ஆள் போன கதைகள் உண்டு.

பூக்கும் வயலுக்கு மருந்து அடிப்பதையும் பார்ப்பீர்கள். நெற்பூ காலை ஒன்பது மணி தொடக்கம் மத்தியானத்துக்குள் விரியும். அந்த நேரம் அடிக்காமல் பின்னேரம் அடிப்பதே சரி. மூட்டமும் பனியுமாக இருக்கும் இந்த நாட்களில் எரிபந்தம் என்ற நோய் வந்திருக்கிறதா என்று இலையைப் பார்ப்பார்கள். நடுவில் சாம்பலும் ஓரத்தில் கபிலமுமாகக் கண் வடிவப் புள்ளி கண்டால் படம் எடுத்துக் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டலாம். கைத்தொலைபேசி நன்றாகப் பாவிக்கத் தெரிந்த பிள்ளைகள் செய்துதரக்கூடிய நல்ல வேலை இது.

காவல்

குடலை நெல்லில் பால் ஊறத் தொடங்கியதும் பன்றி வரும். காட்டோரக் காணி என்றால் யானையும் வரும். வயலில் ஒரு வாடி அல்லது பரண் இருக்கும், இரவுக்கு இரண்டு பேராவது அங்கே தங்குவார்கள். பொங்கலுக்கு முதல்நாள் இரவும் இதில் விதிவிலக்கில்லை. அன்று யார் காவல் என்பதை ஒரு கிழமைக்கு முன்னமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் பேசினால் எப்போதும் ஒரே ஆளின் தலையில்தான் விழும், அநேகமாகக் கலியாணம் முடிக்காத தம்பியின் தலையில். யானை வெடி பழகினவர் கையில் மட்டும் இருக்கட்டும். புதிதாக வந்த இளம் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள், கொடுக்கக் கூடாது.

வாடிக்குச் சாப்பாடு கொண்டுபோவது புதிய ஆள் முழுதாகப் பொறுப்பெடுக்கக்கூடிய வேலை. இருட்ட முன்னம் போய்ச் சேருங்கள். சோறு, மீன் குழம்பு, ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. "தேத்தண்ணி கொண்டந்தியா தம்பி?" என்பதுதான் அங்கே உங்களை வரவேற்கும் முதல் சொல்லாக இருக்கும்.

பொங்கல் அரிசி

எல்லாவற்றிலும் முதலில் தொடங்கவேண்டியதும், ஆகப் பிந்திப்போவதும் இந்த வேலைதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பொங்கலுக்குப் புது நெல் என்று படித்திருப்பீர்கள். எங்கள் பக்கம் தை முதலாம் திகதிக்கு அநேக வயல்களில் நெல் பச்சையாகத்தான் நிற்கும். ஆகவே பொங்கல் பானைக்குள் போவது அதற்கு முந்திய சிறுபோகத்தில் வெட்டி மூடை கட்டி வைத்த நெல். புது நெல்லுக்குத் தைப்பூசம் இருக்கிறது. அன்று நல்ல நேரம் பார்த்து முற்றின கதிரில் ஒரு கைப்பிடி அறுத்து வந்து சாமியறையில் வைத்து, அந்த அரிசியைச் சேர்த்துச் சோறாக்கிப் புதிர் உண்பார்கள். லீவில் வந்தவர்கள் முடிந்தால் அதுவரைக்கும் நில்லுங்கள்.

பொங்கலுக்குச் சிவப்புப் பச்சையரிசிதான் எங்கள் வீடுகளில் விருப்பம். நெல்லை அவிக்காமல் காயவைத்துக் குத்தவேண்டும். மூடையில் மாதக்கணக்கில் கிடந்த நெல் மாரி ஈரத்தை இழுத்திருக்கும். அப்படியே மில்லுக்குக் கொண்டுபோனால் நொய்யும் குருணலுமாகத்தான் வரும். ஆகவே பத்து நாளைக்கு முன்னமே வானத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். காலையில் வெயில் கண்டால் உடனே முற்றத்தில் படங்கு விரித்து நெல்லை இரண்டு அங்குலத் தடிப்புக்குப் பரப்ப வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் காலால் உழுது கிளறிவிடுங்கள். கோழியையும் மைனாவையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இது அப்பம்மாவின் வேலை, கையில் ஒரு நீட்டுத் தடியோடு திண்ணையில் இருப்பார். நீங்கள் அவருக்குப் பக்கத்தில் இருந்தால் ஊர்க்கதை முழுவதும் கிடைக்கும். வானத்தில் கறுப்புக் கட்டினால் நாலு பேர் படங்கின் நாலு மூலையையும் பிடித்து ஒரே இழுப்பில் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாமி குசினிக்குள் இருந்தே சத்தம் போடுவார்: "மழை வாறதுக்குள்ள நெல்லைக் கட்டுங்கோ பிள்ளை, பிறகு கதைக்கலாம்!"

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு நெல்லை உரித்து அரிசியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று முறிந்தால் சரி. நசிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். வெயிலில் எடுத்த சூட்டோடு மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒரு இரவு ஆறவிட்டால் அரிசி உடைவது குறையும்.

ஒரு புசல் நெல் இருபது கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். குத்தினால் 13 கிலோ அளவில் அரிசி வரும். வீட்டுப் பொங்கல், பட்டிப்பொங்கல், கோயிலுக்கு, பலகார மாவுக்கு என்று பார்த்தால் ஒரு புசல் தாராளம். மில்காரரிடம், "சிவப்பு நிக்கட்டும், ஒருதரம் மட்டும் விடுங்கோ" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெள்ளையாகத் தீட்டிவிடுவார்கள். தவிட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். பால்மாட்டுக்கு அந்தத் தவிடு பிண்ணாக்கோடு சேரும். பொங்கலுக்கு முதல் இரண்டு நாளும் மில்லில் வரிசை நீளும். ஆறேழு நாள் முன்னமே இந்த வேலையை முடித்தவருக்கு நிம்மதி.

பயறும் மற்றச் சாமான்களும்

பயறை வறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இரும்புத் தாச்சியை மெல்லிய நெருப்பில் வைத்து, ஒரு கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு அகப்பையால் விடாமல் பிரட்ட வேண்டும். முதலில் பச்சை மணம் வரும். பிறகு பச்சை நிறம் மங்கி, அங்கங்கே மண்ணிறப் பொட்டு விழும். அதோடு மணம் மாறிவிடும். அந்த மணம் வந்த உடனே சுளகில் கொட்டிப் பரப்பவேண்டும், தாச்சியில் விட்டால் அதன் சூட்டிலேயே கருகும். ஆறினதும் திரிகையில் இட்டு உடைத்து, சுளகில் புடைத்துக் கோதை ஊதிவிட்டால் மஞ்சள் பருப்பு தனியாகக் கிடைக்கும். திரிகை இல்லாத வீட்டில் குழவியால் மெதுவாக உருட்டுவார்கள். கடையில் கோது நீக்கிய பயறு கிடைக்கிறது, வாங்கலாம். ஆனால் வீட்டில் வறுத்த பயறின் வாசம் பானையில் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரைக் கிலோ அரிசிக்கு நூறு கிராம் பயறு, ஒரு பெரிய தேங்காயின் பால், இனிப்புக்குச் சர்க்கரை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய, கஜுவும் பிளம்ஸும் (முந்திரிப்பருப்பும் உலர்ந்த திராட்சையும்) கைப்பிடி கைப்பிடி, ஏலக்காய் ஏழெட்டு. இது ஒரு சாதாரணக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு மாமிக்குத் தெரியும், அதுவே சரி.

மண்பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்கவேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. முதல்நாள் இரவு தண்ணீர் நிரப்பி ஊறவிட்டால் நெருப்பில் வெடிக்காது. ஒரு பானை மேலதிகமாக வாங்கி வைப்பது புத்தி.

பட்டண வேலையை ஒரே நாளில் முடியுங்கள். கரும்பு, வெற்றிலை பாக்கு, கற்பூரம், உடுப்பு, சீன வெடி. 12ஆம் திகதிக்குப் பிறகு திருகோணமலைக் கடைத்தெருவில் நடக்கவே இடம் இருக்காது. இஞ்சியும் மஞ்சளும் இலையோடு யார் வளவில் நிற்கிறது என்று விசாரித்துச் சொல்லி வைத்தால் அதற்குக் கடைக்குப் போகத் தேவையில்லை.

அடுப்பு, விறகு, முற்றம்

அடுப்புக் கட்டியை ஐந்தாறு நாள் முன்னம் செய்யவேண்டும். புற்றுமண்ணில் சாணமும் உமியும் சேர்த்துக் குழைத்து மூன்று கட்டி பிடித்துத் தாழ்வாரத்தில் காயவிடுவார்கள். மாரியில் இது காய நாள் எடுக்கும், ஈரக் கட்டியில் பானை ஏற்றினால் சரியும். விறகில் மாமி வலு கண்டிப்பு. பாளை, பொச்சுமட்டை, சிரட்டை எல்லாம் குசினிப் பரணில் காய்ந்து கிடக்கும், அதில் ஒன்றைக்கூட மற்ற நாள் அடுப்புக்கு எடுத்துவிடாதீர்கள்.

மழை வந்தால் எங்கே பொங்குவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். முற்றத்தில் நாலு கம்பு நட்டுத் தகரமோ படங்கோ கட்டுவதானால் கிழக்குப் பக்கம் திறந்திருக்கட்டும். சூரியனுக்குப் பொங்குகிறோம், அந்தத் திசையை மறைக்கக்கூடாது.

மாடு

போகக் காலத்தில் பட்டி மாடுகள் வயல் பக்கம் நிற்காது. காட்டோர மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போயிருப்பார்கள். வீட்டோடு நிற்பது பால்மாடு ஒன்றிரண்டும் கன்றும்தான். பட்டிக்குப் போகும் ஆளோடு ஒருநாள் கூடப் போய்வாருங்கள். பட்டிப்பொங்கல் ஏன் இங்கே பெரிய பொங்கலுக்குச் சமமாக மதிக்கப்படுகிறது என்று அங்கே நின்றால் விளங்கும். அன்று மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போட்டு, பட்டி வாசலிலேயே பொங்கிக் கொடுப்பார்கள். மாலை கட்டும் வேலை பிள்ளைகளுக்கு. பிளாஸ்டிக் பூமாலை போடாதீர்கள், மாடு தின்றுவிடும். வெளியிலிருந்து புது மாடு வந்திருந்தால் உடனே பட்டிக்குள் விடாமல் தனியே கட்டி வைக்கவேண்டும். காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய் ஒரு மாட்டில் வந்தால் பட்டி முழுக்கப் பரவும்.

தயிர் தேவைப்பட்டால் நாலைந்து நாள் முன்னமே சொல்லிவையுங்கள். கிண்ணியா, மூதூர் எருமைத் தயிருக்கு இந்த நாட்களில் வெளி மாவட்டத்துக்காரரும் காத்து நிற்பார்கள். சொந்த மாட்டுப் பாலில் பொங்குவதானால், பொங்கலன்று காலைப் பாலைப் பால் சேகரிப்பவருக்குக் கொடுக்கமாட்டோம் என்று அவரிடம் முதலே தெரிவிக்கவேண்டும். வெடி கொளுத்துவதை மாட்டுக்கொட்டிலுக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெருண்ட பசு அன்று பால் இறக்காது.

ஆட்களோடு

மார்கழி முடியும்வரை கோயில்தான் ஊரின் கடிகாரம். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் கோயில் மணியும் பாட்டும் கேட்கும். ஆதிகோணநாயகர் கோயிலுக்கு வீட்டுப் பெண்களோடு ஒரு நாளாவது போய்வாருங்கள். 2025இல் திருவாதிரை ஜனவரி 13இல் வந்தது, அதாவது பொங்கலுக்கு முதல்நாள். அப்படி வரும் வருடங்களில் விடிய எழும்பிக் கோயில், மத்தியானம் பலகாரம், பின்னேரம் முற்றம் மெழுகல் என்று ஒரே நாளில் எல்லாம் விழும். பலகாரத்தை இரண்டு நாள் முன்னமே சுட்டு முடித்துவிடவேண்டும்.

துடக்கு (தீட்டு) உள்ள வீட்டில் அந்த வருடம் பொங்கல் இல்லை. "ஏன் நீங்கள் பொங்கேல்லை?" என்று வாசலில் நின்று கேட்டுவிடாதீர்கள். டிசம்பர் 26ஐயும் நினைவில் வைத்திருங்கள். 2004 கடல்கோளில் ஆட்களை இழந்த குடும்பங்கள் நிலாவெளி, மூதூர், கிண்ணியா என்று கரை முழுக்க இருக்கின்றன. சொந்தக்காரர் வீட்டுக்கு அந்தக் கிழமையில் போனால் படத்துக்கு முன் விளக்கு எரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வரலாம்.

பக்கத்து வயல்காரர் முள்ளிப்பொத்தானையிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வரும் முஸ்லிம் நானாவாக இருக்கலாம். தண்ணீருக்கும் மெசினுக்கும் காவலுக்கும் அவரும் நாங்களும் ஒருவரையொருவர் நம்பி இருக்கிறோம். பொங்கலுக்கு அவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். சாமிக்குப் படைத்ததைச் சிலர் எடுக்கமாட்டார்கள், ஆகவே படையலில் வைக்காத பலகாரமும் வாழைப்பழமும் தனித் தட்டில் கட்டுங்கள். பெரியவர்களிடம் கைவிசேஷம் (நல்ல நாளில் கையில் தரும் காசு) எதிர்பார்க்கவேண்டாம், அது சித்திரை வருடப் பிறப்புக்கு. ஆனால் காலில் விழுந்து கும்பிட்டால் யாருக்கும் மனம் குளிரும்.

வேலையைக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "ஏதும் உதவி வேணுமோ?" என்றால், "ஒண்டும் இல்லை பிள்ளை, நீங்கள் இருங்கோ" என்றுதான் பதில் வரும். "மாமி, நெல்லுக் காவலை நான் பார்க்கிறன்", "மச்சான், வாடிக்குச் சாப்பாடு இண்டையில இருந்து நான் கொண்டுபோறன்" என்று ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுங்கள். எடுத்ததைப் பொங்கல்வரை விடாமல் செய்யுங்கள். நாலு வேலையில் கை வைத்து நாலையும் பாதியில் விடுபவரைவிட, ஒன்றை முழுதாகத் தாங்குபவர்தான் இந்த நாட்களில் வீட்டுக்குத் தேவை.

முதல்நாள்

பொங்கலுக்கு முதல்நாள் காலையில் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து விடுங்கள். சாணம் கரைத்து மெழுகுவது பின்னேரம். மழை தூறினால் அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் மெழுகினால் போதும். கோலத்துக்கு ஒரு சின்ன உபாயம்: உலக்கையை நிலத்தில் கிடத்தி, அதன் இரண்டு பக்கமும் மாவைத் தூவித் தூக்கினால் நேர்கோடு இரண்டு விழும். இப்படி நாலு பக்கமும் வைத்தால் சதுரம் கிடைத்துவிடும், கோலம் போட வராதவர்களும் செய்யலாம். மாவை இரவில் போட்டால் எறும்பும் மழையும் கொண்டுபோய்விடும். விடிய நாலரைக்குப் போடுங்கள்.

படுக்க முன்னம் தாழ்வாரத்தில் ஒரு இடத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள்: ஊறிய பானை, கழுவிய அரிசிக்குச் சுளகு, பயறு, சர்க்கரை, உடைக்கத் தேங்காய், கத்தி, அகப்பை, நெருப்புப்பெட்டி, நிறைகுடம், மாவிலை, தலைவாழை இலை, கரும்பு, இஞ்சி மஞ்சள் இலை. நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் சுற்றுங்கள், மாரிக் காற்றுக்கு அது நமுத்துப்போகும். தேங்காய் துருவிப் பால் பிழிவது விடியற்காலை வேலை, இரவே பிழிந்தால் புளிக்கும்.

அன்று இரவும் தண்ணீர் முறை வந்தால் போகவேண்டியவர் போவார். விடிய வந்து குளித்துவிட்டுப் பொங்கலுக்கு நிற்பார். அவருக்கு வெந்நீர் போட்டு வைப்பதை யாராவது பொறுப்பெடுங்கள். வாடியில் காவலுக்கு நின்றவர்கள் பால் பொங்கும் நேரத்துக்கு வந்து சேரமாட்டார்கள். படைத்து முடிந்ததும் அவர்களுக்கான பங்கு சூடு ஆற முன்னம், மூடின சட்டியில், வாழை இலையோடு வயலுக்குப் போகவேண்டும். அதைக் கொண்டுபோகும் ஆள் யார், எந்தச் சைக்கிளில் என்பதை முதல்நாள் இரவே பேசி வையுங்கள். சைக்கிளுக்குக் காற்றும் அடித்து வையுங்கள்.